மலைநாட்டு ட்ரிப்புல ஒரு ஜீப் டூர் சேர்க்குறது எப்படி: முழு வழிகாட்டி

இலங்கை மலைநாட்டுல நுவரெலியா, ஹப்புத்தளை, எல்லன்னு நாலஞ்சு நாள் ட்ரிப் போட்டு வர்ற நெறைய பேரு கடைசில பாத்துட்டு போறது கிரகரி வாவி, ஒரு டீ ஃபேக்டரி, ஒன்பது வளைவு பாலம், ரோட்டோரமா ரெண்டு நீர்வீழ்ச்சி, அவ்வளவுதான், மிச்ச நேரம் பூரா வேனுக்குள்ளயே போயிடும். மெயின் ரோட்ட விட்டு தேயில தோட்டத்து ரோட்டுல ஏறி ஒரு பகல் முழுக்க ஜீப்புல போனீங்கன்னாதான் இந்த மலை எவ்வளவு பெருசு, இதுக்குள்ள எத்தன ஊரு இருக்கு, எத்தன சனம் இருக்குன்னே தெரியும். ஆனா இத சும்மா போற வழியில "ஜீப் இருக்கா"ன்னு கேட்டு ஏறுனா நல்லா அமையாது. எந்த நாள்ல வைக்கிறோம், எந்த ரோட்டுல போறோம், யாரு ஓட்டுறா, இந்த மூணும் சரியா இருந்தா ஜீப் பழசா இருந்தாலும் பரவாயில்ல. அதனால ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல்ல, எந்த நாள்

ட்ரிப்போட முதல் நாளும் வேணாம் கடைசி நாளும் வேணாம். கொழும்புல இருந்தோ யாழ்ப்பாணத்துல இருந்தோ மட்டக்களப்புல இருந்தோ வந்து இறங்குன அன்னைக்கு உடம்பு ஏற்கனவே வளைவுல சுத்தி களைச்சு போயிருக்கும், அதோட மறுபடி குலுங்குற வண்டில ஏத்துனா சின்ன பிள்ளைங்க வாந்தி எடுக்கும், பெரியவங்களுக்கு முதுகு பிடிச்சுக்கும். கடைசி நாள்ல வச்சா மழை வந்து ரோட்டு அடைபட்டா கோச்சியோ ஃப்ளைட்டோ தவறிடும். நடுவுல ஒரு நாள் வைங்க, அதுக்கு அடுத்த நாள ஒரு வேலையும் இல்லாம விடுங்க, முதல் நாள் மழைன்னா அந்த வெறும் நாளுக்கு டூர மாத்திக்கலாம். இந்த ஒரு விசயத்த செஞ்சாலே பாதி தலவலி கொறைஞ்சிடும்.

நேரம் எப்பவும் விடியக்காலை. மலையில காலையில தெளிவா இருக்குற வானம் பத்து பதினொரு மணிக்கெல்லாம் மூடத் தொடங்கிடும், பள்ளத்துல இருந்து பனி ஏறி வந்து வியூ பாயிண்ட்ல நின்னா பக்கத்துல நிக்கிற ஆளுதான் தெரியும். அதோட மார்ச் ஏப்ரல், ஒக்டோபர் நவம்பர் மாசங்கள்ல பின்னேரம் இடியோட மழை கொட்டுறது வழமை. அஞ்சரை ஆறு மணிக்கு வெளிக்கிட்டு ரெண்டு மணிக்குள்ள மெயின் ரோட்டுக்கு வந்துடுற மாதிரி திட்டம் போடுங்க. "சன்செட் ஜீப் டூர்"னு யாராவது சொன்னா திரும்பி வர்ற ரோட்டு எப்படின்னு கேளுங்க, இருட்டுல பனியோட ஒரு பக்கம் பள்ளமா இருக்குற தோட்டத்து ரோட்டுல இறங்குறது எனக்கு சரியா படல, பிள்ளைங்களோட போறவங்களுக்கு நான் வேணவே வேணாம்னுதான் சொல்லுவேன்.

எந்த மாசத்துல எந்த பக்கம்

இதுல நெறைய பேரு குழம்புறாங்க. மலைநாடு முழுக்க ஒரே காலநிலை கிடையாது. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவமழை அடிக்கிறது மேற்கு பக்கம், அதாவது ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், கினிகத்தேனை. அதே நேரம் மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவுல, பதுளை பண்டாரவளை பக்கம், வெயிலும் காத்துமா காஞ்சு கெடக்கும். டிசம்பர்ல இருந்து பெப்ரவரி வரைக்கும் வடகீழ் பருவமழை, அப்ப கிழக்கு சரிவு நனையும், மடுல்சீமை பக்கமும் நக்கிள்ஸ் மலைத்தொடரோட கிழக்கு பக்கமும் சேறா இருக்கும். அப்போ ஜனவரி கடைசில இருந்து மார்ச் வரைக்கும்னா நுவரெலியா ஹட்டன் பக்கம், ஜூன்ல இருந்து ஓகஸ்ட் வரைக்கும்னா ஊவா பக்கம், இப்படி வச்சுக்கங்க. ஏப்ரல்ல நுவரெலியா வசந்த காலம், ரூமும் வண்டியும் கிடைக்கிறது கஷ்டம், விலையும் ஏறிடும், அந்த மாசத்துல ஜீப் டூருக்கு ஹப்புத்தளையிலயோ ஓகியாவுலயோ தங்குறது நல்லது.

மண்சரிவு பத்தி தனியா சொல்லணும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தயில லயத்தோட, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளோட, சனத்த மண் மூடினத எங்க சனம் மறக்க முடியாது. 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் வந்து கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள்ல எத்தனையோ இடம் சரிஞ்சு போச்சு, ரோட்டும் ரெயில் பாதையும் அடிச்சிட்டு போச்சு. அதனால பழைய வீடியோவ பாத்து ஒரு ரூட்ட முடிவு பண்ணாதீங்க, அந்த வீடியோவுல இருக்குற ரோட்டு இப்ப இருக்கான்னே உள்ளூர் ஆளுக்குத்தான் தெரியும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைய மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புன்னு பிரதேச செயலகப் பிரிவு வாரியா விடுது. 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீற்றர் மழை தாண்டுனா முதல் கட்டம், 100 தாண்டுனா ரெண்டாவது, 150 தாண்டுனா சனத்த வெளியேத்துற கட்டம். நீங்க போற பிரிவுக்கு மஞ்சள் இருந்தாலே டூர தள்ளி வைங்க. மழை விட்டுருச்சுன்னு அன்னைக்கே போறதும் வேணாம், மண்ணுக்குள்ள எறங்குன தண்ணி ஒரு நாளாவது இருக்கும்.

எந்த ரோட்டு

முதல்ல ஒரு விசயம் தெளிவாகட்டும். ஹோட்டன் சமவெளிக்கு ஜீப்ல போறத "ஓஃப் ரோட்"னு சொல்லி விப்பாங்க. அது தேசியப் பூங்கா, 1988ல அறிவிச்சது, 2010ல இருந்து நக்கிள்ஸோடயும் சிவனொளிபாதமலைக் காட்டோடயும் சேர்ந்து உலக மரபுரிமை. உள்ள நல்ல ரோட்டு இருக்கு, வேனும் காரும் போகும், ஃபார் இன்னுன்னு சொல்ற இடம் வரைக்கும் போய் அங்க இருந்து 9 கிலோமீற்றருக்கு கொஞ்சம் கூட நடக்கணும். போகவேண்டிய இடம்தான், ஆனா அங்க பாதைய விட்டு ஒரு டயரும் இறங்கக் கூடாது, யாராவது இறக்குறேன்னு சொன்னா அந்த ஆளோட போகாதீங்க. ஜீப் தேவைப்படுறது வேற ரோட்டுகளுக்கு.

லேசான ரோட்டுல இருந்து தொடங்குறேன். வயசானவங்க, சின்ன பிள்ளைங்க இருந்தா லூல்கந்துர நல்லா இருக்கும், தெல்தோட்டை பக்கம். 1867ல ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர்ல முதல் முதலா வியாபாரத்துக்கு தேயில போட்ட தோட்டம் அதுதான், மேல அவரு உக்காந்து பாத்ததா சொல்ற கல்லு இருக்கை இருக்கு, அது வரைக்கும் ஏறுற ரோட்டு ஒடுக்கமானது, ஜீப்புன்னா சுகமா போகலாம். ஹப்புத்தளையில தம்பேத்தன்ன டீ ஃபேக்டரில இருந்து லிப்டன் சீட் வியூ பாயிண்டுக்கு ஏறுற ரோட்டுக்கு ஆட்டோவே போதும், அதுக்கு ஜீப் காசு குடுக்காதீங்க. நுவரெலியாவுலயே சந்ததென்னன்னு ஒரு இடம் இருக்கு, டவுனுக்கு கிட்ட, கேட்டுல இருந்து ஜீப்ல ஏத்தி வியூ பாயிண்டுக்கு கொண்டு போவாங்க, ஒரு நாள் செலவழிக்க முடியாதவங்களுக்கு அது போதும்.

நடுத்தரம்னா மீமுரே கிராமத்துக்கு போற ரோட்டு. கண்டியில இருந்து மஹியங்கனை ரோட்டுல ஹுன்னஸ்கிரிய வரைக்கும் வந்து அங்க திரும்பி, கோர்பட்ஸ் கெப்னு சொல்ற கணவாய் ஏறி, அடுத்த பக்கம் இறங்கி கிராமத்துக்கு போகணும். லக்கேகல மலை கூம்பு மாதிரி நிமிந்து நிக்கிறத அந்த இறக்கத்துல இருந்து பாக்குறப்ப வண்டிய நிப்பாட்டாம யாரும் போக மாட்டாங்க, இராவணனோட சேர்த்து அந்த மலைக்கு கதை சொல்லுவாங்க. எதிர்ல ஒரு வண்டி வந்தா யாராவது ஒருத்தர் ரிவர்ஸ் எடுத்துதான் ஆகணும், அதனால அந்த ரோட்டு பழகுன டிரைவர் வேணும். முடிஞ்சா ஒரு இரவு கிராமத்துலயே வீட்டுல தங்குற மாதிரி போடுங்க, போய் வர ஒரே நாள்னா பாதி நாள் வண்டியிலயே போயிடும். நக்கிள்ஸ் பாதுகாப்பு வனம், டிக்கட் எடுக்குற இடத்துல அடையாள அட்டை கேப்பாங்க, வெளிநாட்டு பாஸ்போர்ட் வச்சிருக்குற நம்ம சொந்தக்காரங்களுக்கு டிக்கட் விலை வேற, அத முன்னமே கணக்குல சேத்துக்கங்க.

கஷ்டமானது, ஆனா எனக்கு ரொம்ப பிடிச்சது, ஓகியாவுல இருந்து உடவேரிய தோட்டம் வழியா பம்பரகந்தைக்கும் கலுபஹனைக்கும் இறங்குற ரோட்டு. ஓஃப் ரோட் போற பொடியன்மாருக்கு இது டெவில்ஸ் ஸ்டேர்கேஸ். மேல குளிர்ல பைன் மரத்துக்குள்ள தொடங்கி, தேயில மலைக்குள்ள பூந்து, வெட்டு வெட்டா வளைஞ்சு இறங்கி, கடைசில 263 மீற்றர் உயரத்துல இருந்து விழுற பம்பரகந்தை நீர்வீழ்ச்சிய பாத்துட்டு கொழும்பு மட்டக்களப்பு ரோட்டுல வந்து சேருவீங்க, இலங்கையிலயே உயரமான நீர்வீழ்ச்சி அது. ஒரு இறக்கத்துலயே குளிரு போய் வேர்வை வர்ற மாதிரி காலநிலை மாறும். கல்லு பெரட்டி கெடக்குற இடங்கள் இருக்கு, மழை பெஞ்சா ரோட்டே ஓடையாகிடும், லோ கியர் இல்லாத வண்டிக்கு இது ரோட்டே இல்ல. கர்ப்பமா இருக்குறவங்க, முதுகுத்தண்டு பிரச்சினை, இதய நோய் இருக்குறவங்க, ஒப்பரேசன் செஞ்சு கொஞ்ச நாள் ஆனவங்க இதுக்கு வேணாம்.

பதுளைப் பக்கம் தங்குறவங்களுக்கு பசறை வழியா மடுல்சீமை போய் பிட்டமாருவ மலை விளிம்பு, சின்ன உலக முடிவுன்னு சொல்றது. கடைசித் துண்டு பத்தனைன்னு சொல்ற மலைப் புல்வெளிக்குள்ள போறது, அங்க வேலி ஒண்ணும் கிடையாது, விளிம்புல காத்து தள்ளும், பிள்ளைங்க கைய விடாதீங்க.

ஜீப்பும் ஆளும் தேடுறது

ரிசப்சன்ல கேட்டு புக் பண்றது லேசு, ஆனா நடுவுல ஒருத்தர் கமிசன் எடுப்பாரு, அந்த காசு ஓட்டுறவருக்கு போகாது. நான் சொல்லுற வழி: நீங்க தங்குற ஊருல இருக்குற ஆட்டோ டிரைவர்கிட்ட, இல்லன்னா தோட்டத்துக்கு பக்கத்துல இருக்குற சாப்பாட்டுக் கடையில, "இந்த ரோட்டுல தினம் ஓடுறது யாரு"ன்னு கேளுங்க. அந்த ரோட்டுலயே கொழுந்து ஏத்துன, மரக்கறி மூட்டை ஏத்துன, நோயாளிய ஆஸ்பத்திரிக்கு கொண்டு ஓடுன ஆளு ஒருத்தர் இருப்பாரு. அவருக்கு எந்த வளைவுல மண்ணு இளகியிருக்கு, எந்த பாலத்துல பலகை போச்சுன்னு தெரியும். அவரு தமிழ் பேசுறவரா இருந்தா இன்னும் நல்லது, இந்த தோட்டங்கள்ல எத்தன தலைமுறையா எங்க சனம் இருக்கு, அவங்க வாயாலயே கதைய கேட்டா அது தனி. வரலாறு, பறவை, செடின்னு விளக்கமா கேக்கணும்னா சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை லைசன்ஸ் உள்ள கைடு ஒருத்தரையும் சேத்துக்கங்க, லைசன்ஸ் அட்டைய காட்டச் சொல்லி கேக்குறதுல ஒண்ணும் தப்பில்ல.

ஃபோன்ல கேக்க வேண்டியத நேரா கேளுங்க. "அண்ணே, போர் வீல் வேல செய்யுதா, நாலு டயரும் இழுக்குமா, லோ கியர் இருக்கா? போன கிழம இந்த ரோட்டுல போனீங்களா? ஹயர் ஓடுறதுக்கு இன்சூரன்ஸ் இருக்கா, பயணிகளுக்கும் சேத்தா? எத்தன பேர ஏத்துவீங்க?" ஆறு பேரு உக்கார்ற வண்டில "பத்து பேரு போகலாம் பிரச்சினை இல்ல"ன்னு பதில் வந்தா நன்றி சொல்லி வைச்சிருங்க. ஒரு முக்கியமான விசயம், ஜீப் மாதிரி இருக்குற எல்லாமே போர் வீல் இல்ல. கெப் வண்டிக்கு பின்னால சீட்டு போட்டு பச்சை பெயிண்ட் அடிச்சா பாக்க சஃபாரி ஜீப் மாதிரிதான் இருக்கும், ஆனா பின் டயர் மட்டும்தான் இழுக்கும். பழைய டிஃபென்டர், லேண்ட் குரூசர், மிட்சுபிசி 4டிஆர்5 இஞ்சின் ஜீப் இதெல்லாம் வயசானாலும் நல்லா பாத்து வச்சிருந்தா மலைக்கு ஏத்த வண்டிங்க.

காசு பேசுறப்ப வண்டிக்கா தலைக்கான்னு முதல்ல கேளுங்க, டீசல், டிரைவர் சாப்பாடு, கைடு காசு, நுழைவு டிக்கட், தோட்டத்து கேட்டுல குடுக்குறது எல்லாம் உள்ளடக்கமான்னு ஒவ்வொண்ணா கேட்டு வட்ஸ்அப்ல எழுதி வாங்கிக்கங்க. மழையால நின்னா அட்வான்ஸ் என்னாகும், பாதி வழியில திரும்புனா எவ்வளவு, இதையும் அப்பவே பேசிடணும். ஒண்ணு சொல்றேன், திரும்புனாலும் முழுக்காசு குடுக்குறேன்னு நீங்களே சொல்லிடுங்க. காசு போயிடும்னு பயந்துதான் டிரைவர் முடியாத ரோட்டுலயும் இழுத்துட்டு போவாரு, அந்த பயத்த எடுத்துட்டா அவரு உங்களுக்காக சரியான முடிவு எடுப்பாரு.

தோட்டத்து ரோட்டு நெறைய கம்பனி பாதுகாப்புல இருக்குது, துரையோட, அதாவது தோட்ட மேனேஜரோட, அனுமதி இல்லாம கேட்டு திறக்க மாட்டாங்க. அத யாரு வாங்கித் தர்றதுன்னு முன்னமே பேசிக்கங்க, விடியக்காலை கேட்டுக்கு முன்னால நின்னு காவக்காரரோட மல்லுக்கட்டுறது வேணாம், அவரு வேலைய அவரு பாக்குறாரு.

என்ன கொண்டு போறது

மழைக்கோட்டு, ஒரு ஸ்வெட்டர், மாத்து உடுப்பு, பிடிப்பு உள்ள சப்பாத்து. ஃபோனயும் கமராவையும் போட தண்ணி போகாத பை. வாந்தி வர்றவங்க ஏறுறதுக்கு அரை மணித்தியாலம் முன்னாலயே மாத்திரை எடுக்கணும், ஃபார்மசியில கேட்டு வாங்குங்க, நடுவுல எடுத்து பிரயோசனம் இல்ல. காலையில வயிறு முட்ட சாப்பிடாம ரெண்டு தேங்கா ரொட்டியும் கட்டச்சம்பலும் பிளேன்டீயும் போதும், பகலுக்கு சோத்து பார்சல் கட்டிக்கங்க. அட்டைக்கு நீளமான மேஸ் போட்டு அதுக்கு மேல சவர்க்காரமோ சித்தாலேபை தைலமோ தடவுங்க, கடிச்சிட்டா பிச்சு எடுக்காம நகத்தால ஓரத்துல தள்ளி விடுங்க, ரத்தம் கொஞ்ச நேரம் ஓடும், பயப்பட ஒண்ணும் இல்ல. சிக்னல் இல்லாத இடம் நெறைய, ஒஃப்லைன் மேப் இறக்கி வைங்க, தங்குற இடத்துல எந்த ரோட்டுல போறோம் எத்தன மணிக்கு வருவோம்னு ஒரு ஆளுகிட்ட சொல்லிட்டு போங்க. நம்பர் மூணு எழுதி வைங்க: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவம் 117.

அன்னைக்கு காலையில வண்டிய பாக்குறது

ஏறுறதுக்கு முன்னால அஞ்சு நிமிசம் வண்டிய சுத்தி வாங்க. டயர் தேயாம பூ இருக்கா, ஸ்பேர் டயர் காத்தோட இருக்கா, ஜாக்கி இருக்கா, இழுக்குற கயிறு இருக்கா, ஹேண்ட் பிரேக் பிடிக்குதா. சீட் பெல்ட்டோ பிடிக்க கம்பியோ ஒவ்வொரு சீட்டுக்கும் இருக்கணும். நல்ல டிரைவர் மண் ரோட்டு தொடங்குற இடத்துல நிப்பாட்டி டயர் காத்த கொஞ்சம் இறக்குவாரு, கல்லுல டயர் பரந்து பிடிக்கும், குலுக்கலும் கொறையும், திரும்ப தார் ரோட்டுக்கு வந்ததும் ஏத்திக்குவாரு. இறக்கத்துல பிரேக்க மிதிச்சு மிதிச்சு வராம லோ கியர்ல போட்டு இஞ்சினாலயே வண்டிய பிடிச்சு இறக்குறாரான்னு பாருங்க, பிரேக் சூடாகி மணம் வந்தா சொல்லி நிப்பாட்டி ஆற விடணும். வளைவுல இருக்குற முனியாண்டி கோயில்ல சூடம் கொளுத்த நிப்பாட்டுனா அவசரப்படுத்தாதீங்க, கூட இறங்கி கும்பிடுங்க.

ரோட்டுல

கை கால வெளியில நீட்டாதீங்க, தேயில மலைக்குள்ள ரோட்டு ஓரமா கல்லு வரம்பு முட்டுற மாதிரி வரும். வண்டி ஓடுறப்ப எழும்பி நின்னு செல்ஃபி எடுக்குறது வேணவே வேணாம். ஓடைய கடக்குற இடத்துல தண்ணி கலங்கி வேகமா வந்தா டிரைவர் இறங்கி பாக்கட்டும், ஒரு நிமிசம் முன்னால தெளிவா இருந்த தண்ணி திடீர்னு மண் நிறத்துக்கு மாறுனா மேல மழை பெய்யுதுன்னு அர்த்தம், அந்த நேரம் கடக்கக் கூடாது. பத்தனைப் புல்லுக்குள்ள ரோட்ட விட்டு வண்டிய இறக்க சொல்லாதீங்க, டயர் போன தடத்துல தண்ணி ஓடி அதுவே ஓடையாகி மலை கரையத் தொடங்கிடும்.

இன்னொண்ணு மனசுல வைங்க. இந்த ரோட்டு நமக்கு ஒரு நாள் விளையாட்டு, அங்க இருக்குற சனத்துக்கு இதுதான் தினமும் போற பாதை. பள்ளிக்கூடத்து பிள்ளைங்க இதுலதான் மைல் கணக்கா நடக்குறாங்க, பிள்ளைப் பேறுக்கு இதுலதான் கொண்டு போறாங்க. நடந்து போறவங்கள கண்டா வண்டிய மெதுவாக்கச் சொல்லுங்க, சேறு தெறிக்க விடாதீங்க, இடம் இருந்தா கொழுந்து கூடையோட போற அம்மாவயோ பை சுமந்து போற பிள்ளையயோ ஏறுறீங்களான்னு கேளுங்க. கொழுந்து எடுக்குறவங்கள படம் எடுக்குறதுன்னா முதல்ல "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா"ன்னு கேட்டு எடுங்க, அவங்க நாள் கொழுந்துக்கு கிலோ கணக்கு இருக்கு, போஸ் குடுக்க வச்சு நேரத்த எடுத்தா அன்னைக்கு அவங்க சம்பளத்துல கொறையும். லயத்துக்குள்ள கமராவ தூக்கிட்டு போறது அடுத்தவங்க வீட்டுக்குள்ள போறதுதான், கூப்பிட்டா போங்க. பிள்ளைங்களுக்கு டொபி எறியறத தயவு செஞ்சு நிறுத்துங்க, குடுக்கணும்னு மனசு இருந்தா தோட்டத்து பள்ளிக்கூடத்துல அதிபர கண்டு கொப்பி பென்சில் குடுக்கலாம். தண்ணி, பிஸ்கட், பழம் வாங்குறத டவுன்ல வாங்காம தோட்டத்து கடையிலயே வாங்குங்க.

வண்டி சிக்கிட்டா எல்லாரும் மலைப் பக்கமா இறங்கி நில்லுங்க, பள்ளத்துப் பக்கமா நிக்காதீங்க, பின்னாலயும் நிக்காதீங்க, இழுக்குற கயிறு அறுந்தா அடிக்கிற அடி பெருசு. மழை பலமா பிடிச்சு ரோட்டோரம் புதுசா வெடிப்பு தெரிஞ்சா, மரம் சாஞ்சு நின்னா, திடீர்னு புது ஊத்து மண்ணோட வந்தா, அந்த இடத்துல ஒதுங்கி நிக்காம வந்த வழியே திரும்பிடணும். டிரைவர் "போதும், திரும்பலாம்"னு சொன்னா அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க.

திரும்பி வந்ததும்

குப்பை எல்லாத்தையும் உங்க பையிலயே டவுன் வரைக்கும் கொண்டு வாங்க, தோட்டத்துல குப்பை லொறி வராது. சப்பாத்து, மேஸ், காலு இடுக்கு, காதுக்கு பின்னால எல்லாம் அட்டை இருக்கான்னு பாத்துட்டு சுடுதண்ணில குளிச்சு அன்னைக்கு பின்னேரம் வேற எங்கயும் போகாம இருங்க. டிரைவர் நல்லா கொண்டு போயிருந்தா சந்தோசத்த அவரு கையிலயே குடுங்க, கூட வந்த பொடியனுக்கும் தனியா குடுங்க, அவன் தான் ஒவ்வொரு வளைவுலயும் இறங்கி டயருக்கு கல்லு வச்சவன். அவரு நம்பர வாங்கி அடுத்து வர்ற உங்க ஆக்களுக்கு குடுங்க, புக் பண்றவங்க வழியா போகாம நேரா அவருக்கே கோல் போகட்டும்.